அப்பா பூட்டி வைத்த முகங்கள்

ஜூலை 3, திங்கள்

நீலத் திரைச்சீலையின் அடிப்பாகம் கறுத்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். மேகம் வரைந்த மேல்பகுதி எப்போதும்போல இருந்தது. தரையைத் தொடுகிற இடம் மட்டும் கறுப்பு. யாராவது மையைக் கொட்டிவிட்டார்களோ என்று குனிந்து தொட்டேன். ஈரம்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து எங்கள் போட்டோ ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. நானும் அத்தையும் மாறி மாறி ஜின்ஜு ஆஸ்பத்திரியில் இருந்தோம். இங்கே எங்கள் கடலோர ஊரான சம்சொன்போவில் மழை விடாமல் பெய்திருக்கிறது. கூரை எங்கே ஒழுகியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டருக்கு நேர் மேலே. அந்தத் தண்ணீருக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா?

பெட்டியைச் சாய்த்தேன். குடத்தைச் சாய்த்தது போலக் கொட்டியது.

திரைச்சீலையைக் கழற்றி வெயிலில் போடலாம் என்றால், வெயிலும் இல்லை.

ஜூலை 4

அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 5, புதன்

பின் சந்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பில்க்யூ அண்ணன் வந்தார். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது கம்ப்யூட்டர் இல்ல. மீன் தொட்டி."

அவர் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்பு அலமாரியிலிருந்து பேக்கப் டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். தினமும் கடை மூடும்போது அன்றைக்கு எடுத்த படங்களையெல்லாம் அப்பா அதில்தான் ஏற்றி வைப்பார். அலமாரிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் தன் லேப்டாப்பில் செருகினார். ஒரு சின்னக் கட்டம் வந்தது. பாஸ்வேர்டு கேட்டது.

"டிஸ்க் பத்திரமா இருக்கு. ரொம்பவே பத்திரமா இருக்கு. அதான் சிக்கல்."

"உடைக்க முடியாதாண்ணா?"

"வெறும் பூட்டுன்னா உடைச்சிடலாம். இது என்கிரிப்ஷன். உள்ள இருக்கற ஒவ்வொரு படத்தையும் பொடிப்பொடியாக்கிக் கலந்து வெச்சிருக்கு. சரியான பாஸ்வேர்டு போட்டாத்தான் திரும்ப ஒண்ணு சேரும். இல்லேன்னா வெறும் மண்ணு. எத்தனை தடவை வேணா போட்டுப் பாரு, அழிஞ்சு போகாது. ஆனா குத்துமதிப்பா அடிச்சு இது திறக்கவே திறக்காது." தலையைச் சொறிந்தார். "உங்கப்பா கதவைத் தொறந்து போட்டுட்டுக் காபி குடிக்கப் போற மனுஷன். அவரா இப்படிப் பூட்டினாரு?"

"அவருதான்."

"எதுக்கு?"

நான் இரும்பு அலமாரியைச் சாத்தப் போனேன். லேப்டாப்பை என்னிடமே விட்டுப் போனார். வேலை முடிந்ததும் கொடுத்தால் போதுமாம்.

ஜூலை 8, சனி

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

வலது கை தூக்கவில்லை. வலது கால் கொஞ்சம் பரவாயில்லை. பேச்சு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, "சரி சரி" என்ற ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. வார்த்தைகளெல்லாம் உள்ளே அப்படியே இருக்கின்றன, வாய்க்கு வருகிற பாதைதான் அறுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கைக்கு வருகிற பாதையும்தான். பேனாவை இடது கையில் கொடுத்தால் கோடு கிழிக்கிறார், எழுத்து வருவதில்லை.

"தண்ணி வேணுமாப்பா?"

"சரி சரி."

"வேணாமா?"

"சரி சரி."

முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இரண்டாவது தடவை கேட்டதும் புருவத்தைத் தூக்கினார். முட்டாள் பெண்ணே, முதல் தடவையே சொன்னேனே என்கிற புருவம். தண்ணீர் கொடுத்தேன்.

ஸ்டுடியோவில் பேச்செல்லாம் அவருடையதுதான். முறைத்துக்கொண்டு வருகிற மீனவர்களைக்கூட அடையாள அட்டைப் படத்தில் சிரிக்க வைத்துவிடுவார். நான் பின்னறையில் உட்கார்ந்து, படங்களில் மருவையும் கண்ணுக்குக் கீழே விழும் நிழலையும் அழித்துக்கொண்டிருப்பேன். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால் அவர் இருக்கும் பக்கம் கையைக் காட்டுவேன். அவ்வளவுதான் என் வேலை.

மாலையில் விஷயத்தைச் சொன்னேன். மழை, கம்ப்யூட்டர், டிஸ்க். கவனமாகக் கேட்டார். "பாஸ்வேர்டு என்னப்பா?" என்றேன்.

வாயைத் திறந்தார். உதடு ஏதோ ஒரு வடிவத்துக்குப் போக முயன்றது. "சரி..." மறுபடி முயன்றார். "சரி சரி சரி..." இடது கையால் மெத்தையைக் குத்தினார்.

போதும்ப்பா, போதும் என்றேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே தெரிகிறது அவருக்கு. எடுக்கத்தான் முடியவில்லை. அந்த டிஸ்க் மாதிரியே.

ஜூலை 10, திங்கள்

ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வந்து நின்றது.

"உள்ள யாரு? பொண்ணா? உனக்கு வாய் இருக்கா இல்லையான்னு மார்க்கெட்ல பந்தயமே கட்டியிருக்கோம், தெரியுமா?"

எதிர் மார்க்கெட்டில் உலர்மீன் கடை வைத்திருக்கும் ஒக்ரான் சித்தி, மார்க்கெட்டுக்கே சித்தி. குனிந்து உள்ளே வந்தார். இந்தப் புழுக்கத்திலும் காது வரை இழுத்துவிட்ட பின்னல் குல்லாய். அதைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பாரு. வேகவெச்ச உருளைக்கிழங்கு. பயந்துட்டியா?"

தலையை ஆட்டினேன். பயம் இல்லை. ஏப்ரலில் அவரைப் பார்த்திருந்தேனே, அதனால்தான் என்னவோபோல இருந்தது. சிகிச்சை தொடங்கும் முன்னால் முடியோடு ஒரு படம் வேண்டும் என்று வந்தார். இடுப்பு வரை முடி. மீன் கடையில் வருஷம் பூராவும் துணிக்குள் கட்டியே வைத்திருந்ததால் அப்படி ஒரு முடி இருப்பது யாருக்குமே தெரியாது. அன்றைக்கு அவிழ்த்துவிட்டபோது அப்பாவே ஒரு நொடி வாயடைத்துப் போனார்.

"சரி, அன்னிக்கு எடுத்துட்டு வாங்கவே வரலியே, எங்க என் முடி? ஆகஸ்ட் மூணாம் தேதி எனக்கு ஆபரேஷன். அதைக் கையோட கொண்டு போகணும். டாக்டருங்க, நர்ஸுங்க, எல்லாரும் என்னை உருளைக்கிழங்காவேதான் பாக்கறாங்க. கத்தி வெக்கறதுக்கு முன்னாடி நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"போன்ல... படம்..." என்றேன்.

"எங்க வீட்ல எல்லாரையும் எடுக்கறவ நானு. என்னை யாரு எடுத்தா? ஒரே ஒரு படத்துல இருக்கேன். பாதித் தலை, ஒரு காது."

சொல்லித்தான் ஆக வேண்டும். துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். படம் இருக்கு. பூட்டியிருக்கு. அப்பாவால சொல்ல முடியல.

"என் முடிக்குப் பூட்டா! திருடிட்டுப் போய் விக் பண்ணவா போறாங்க?" பெரிதாகச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குல்லாயை மாட்டிக்கொண்டார்.

"மூணாம் தேதி. அதுக்குள்ள பாரும்மா."

ஜூலை 12, புதன்

எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற ஒரு தந்திரம் உண்டு. கொரியச் சொல் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம், ஆனால் கீபோர்டை ஆங்கிலத்தில் விட்டுவிட்டு அடிப்போம். திரையில் ஏதோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் விழும். அடித்தவருக்கு மட்டும் அது சொல். அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார். சொல் தெரிந்தால் போதும்.

என்ன சொல்?

ஸ்டுடியோ பெயர், அவர் பெயர், நாங்கள் முன்பு வளர்த்த நாயின் பெயர். அம்மா பெயரைக்கூடப் போட்டுப் பார்த்தேன். பிரிந்து போய் வேறு குடும்பத்தோடு புசானில் இருப்பவரின் பெயரை அவர் வைத்திருக்க மாட்டார் என்று தெரிந்தும். கடைசியாக என் பெயர். சோதாம். விரல் கூசியது.

அதுவும் இல்லை. கொஞ்சம் வருத்தமாக இருந்தது. பிறகு யோசித்தேன், நல்லதுதான். பெண் பெயரைத்தான் எல்லாரும் முதலில் போட்டுப் பார்ப்பார்கள்.

ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாம் நான்! கடை மூடும்போது தினமும் ஷட்டரை இறக்கிவிட்டு, "சோதாம், சுவரைப் பாரு" என்பார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பேன். அவர் அடிப்பார். "ஆச்சு" என்பார். இரண்டு வருஷம். ஒரு நாள்கூடத் திரும்பவில்லை. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள்.

எனக்கு ஏன் சொல்லக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "நாளைக்கு யாராவது உன்னை மிரட்டிக் கேட்டா, தெரியாதுன்னு பொய் சொல்லாம சொல்லலாம்ல" என்றார்.

ஜூலை 15, சனி

அத்தையோடு சண்டை. நான் சண்டை போட்டேன் என்று எழுதவே வினோதமாக இருக்கிறது.

அத்தை மஞ்சள் முலாம்பழத்தைத் தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டே சொன்னார்: "வர்றவங்ககிட்ட படம் போயிடுச்சு, வேணும்னா மறுபடி எடுத்துக்கலாம்னு சொல்லிடு. பாதிப் பேருக்கு எடுத்ததே மறந்து போயிருக்கும். காபிக் கடை வைக்கறதுக்கு இடம் கேட்டு ஒருத்தங்க வந்திருக்காங்க. இனிமே ஸ்டுடியோ எதுக்கு? கவுன்டர்ல நின்னு நீ பேசப் போறியா?"

அதுவரை பொறுத்துக்கொண்டேன். உண்மைதானே.

"யாருக்கு வேணும் இந்த ஊர்க்காரங்க மூஞ்சி? போயும் போயும் அதுக்கு இத்தனை பூட்டு!"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதா அத்தை? நிஜமாவே தெரியாதா?"

கத்திவிட்டேன். கையிலிருந்த முள்கரண்டியோடு அத்தை அப்படியே நின்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

தெரியும் அத்தைக்கு. மறந்துவிட்டார், அவ்வளவுதான். மறப்பது நல்லது என்று நினைத்திருப்பார்.

இதை இங்கேகூட எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். மேல்நிலைப் பள்ளி முதல் வருஷம். வகுப்பு எல்லாரும் சேர்ந்து நின்ற படத்திலிருந்து என் முகத்தை மட்டும் வெட்டி, வேறு ஏதோ ஒரு உடம்பில் ஒட்டினார்கள். வகுப்பு அரட்டைக் குழுவில் அது சுற்றியது. அது நான் இல்லை. ஆனா முகம் என்னுதுதானே. எல்லாரும் பார்த்தாங்க. நான் வகுப்புக்குள்ள போனா திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. ஒரு நாள் பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்தேன், அதன் பிறகு போகவில்லை.

அப்பா ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் அந்த டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்தார். அதுவரை ஸ்டுடியோ படங்களெல்லாம் கம்ப்யூட்டரில் திறந்த வீடு மாதிரி கிடக்கும். நாலு முறை தப்பாகப் பண்ணி, ஐந்தாவது முறை பூட்டினார். "நம்ம கடைக்குள்ள வந்த மூஞ்சி எதுவும், அவங்களைக் கேக்காம வெளிய போகாது" என்றார். அதைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அத்தை போகும்போது என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். மீதிப் பழத்தை மூடி வைத்திருந்தார்.

ஜூலை 18, செவ்வாய்

சக்கர நாற்காலியில் அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். தண்ணீர் படாமல் தப்பிய அவருடைய பழைய கீபோர்டை லேப்டாப்பில் செருகி முன்னால் வைத்தேன். "அடிங்கப்பா. ஞாபகம் வருதா பாருங்க."

இடது கையை வைத்தார். யோசித்தார். தட்டினார். கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. தவறு என்று வந்தது. இன்னொரு தடவை. தவறு. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் ஒரே ஒரு தடவைப்பா" என்றேன். ஏன் சொன்னேன்? கீபோர்டைத் தள்ளிவிட்டார்.

"சரி சரி" என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

வீடு வரை என் பக்கம் திரும்பவில்லை. இனி அவரிடம் கேட்க மாட்டேன்.

ஜூலை 20

மழை. கூரை மேல் தார்ப்பாய் கட்டியாயிற்று. இப்போது ஒழுகவில்லை. இப்போது.

ஜூலை 24, திங்கள்

ஒக்ரான் சித்தி கடல்நத்தைக் கஞ்சியோடு வீட்டுக்கே வந்தார். அப்பாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"என்னண்ணே, இருந்த பேச்சையெல்லாம் ஏப்ரல்லயே செலவு பண்ணிட்டீங்களா? அன்னிக்கு என் முடியைப் பத்தி அவ்ளோ புகழ்ந்தீங்களே, கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா?"

"சரி சரி."

"உங்களுக்குப் பேச்சு இல்ல, எனக்கு முடி இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்."

அப்பா தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார். சிரிப்புதான். ஒரு பக்க உதடு மட்டும் மேலே போனது.

சித்தி பேசிக்கொண்டே இருந்தார். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லையாம், கடையில் மீனைக் கட்டுக் கட்டாகக் கட்டுகிறாராம். "கண்ணை மூடிட்டுக்கூடக் கட்டுவேன். ஆனா எம் புருஷன் பக்கத்துல வந்து 'எப்படிம்மா கட்டறே, காட்டு'ன்னு கேட்டான்னா போச்சு. கை நின்னுடும். கயிறு எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்கே தெரியாது. 'போய்யா அந்தாண்ட'ன்னு விரட்டினாத்தான் மறுபடி ஓடும்."

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கிடைக்கலேன்னா விட்டுடும்மா. என் படத்துக்காக உன் மூஞ்சி வாடிப் போச்சு."

மிரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

படுத்த பிறகும் அந்தக் கயிறுதான் மனதில் ஓடுகிறது. கேட்டால் நின்றுவிடும். நான் அப்பாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26, புதன்

எங்கிருந்து தொடங்குவது?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். எதற்கென்று சொல்லவில்லை. அவருடைய இடத்தில் உட்கார வைத்தேன். நான் பின்னறையில் என் வேலையைப் பார்த்தேன். அதாவது வேலை பார்ப்பது போல இருந்தேன், துடைக்கவும் அடுக்கவும் எவ்வளவோ இருந்தது. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர்கள் கையசைத்தார்கள். "சரி சரி" என்று எல்லோருக்கும் பதில் சொன்னார்.

மூடும் நேரம் வந்தது. எப்போதும் செய்வதை எப்போதும்போலச் செய்தேன். தரையைத் துடைத்தேன். விளக்குக் குடைகளை மடக்கினேன். பெரிய விளக்கை அணைத்தேன். அவர்தான் ஷட்டரை இறக்குவார், இன்றைக்கு நான் இறக்கினேன். லேப்டாப்பில் பாஸ்வேர்டு கட்டத்துக்குப் பதிலாக வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்து, கீபோர்டை ஆங்கிலத்திலேயே விட்டு, அவர் முன்னால் வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை. போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன்.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. வெளியே மீன் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது.

பிறகு கேட்டது. தட்.

அந்த ஓசையை இரண்டு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். பார்த்ததில்லையே தவிர, தினமும் கேட்டிருக்கிறேன். தகரத்தில் விழும் தூறல் போல ஒரே ஓட்டமாகப் போகும், கடைசியில் ஒரு பெரிய தட். எனக்கு அது மனப்பாடம், ஆனால் மனப்பாடம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஏனென்றால் இன்றைக்கு அதில் ஓட்டைகள் இருந்தன. தட் — இடைவெளி — தட், தட் — இடைவெளி. அவர் தயங்கவில்லை. இடைவெளிகள் சரியாக இருந்தன. அந்த இடத்தில் ஒரு விரல் விழ வேண்டும், விழவில்லை.

திரும்பிவிட்டேன்.

அப்பாவின் இடது கை ஓடிக்கொண்டிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. இடது கை நிற்கும்போதெல்லாம் வலது தோள் லேசாக அசைந்தது.

எங்கள் கீபோர்டில் மெய்யெழுத்தெல்லாம் இடது கைப் பக்கம், உயிரெழுத்தெல்லாம் வலது கைப் பக்கம். அவர் பாதியை அடித்துக்கொண்டிருந்தார்! அன்றைக்கும் பாதியைத்தான் அடித்திருப்பார். நான் வெறும் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மறக்கவே இல்லை அவர்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். திரையில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஒவ்வொன்றும் எந்தக் கட்டையில் இருக்கிறது, அதே கட்டையில் எங்கள் எழுத்து என்ன என்று விரலை வைத்துப் பார்த்தேன். ந். ந். க். ம். ஜ். ம். ச். கடைசியில் ஒரு வட்டம், உயிரெழுத்துக்கு முன்னால் நாங்கள் போடுகிற ஓசையில்லாத எழுத்து.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். இடையில் எதைப் போட்டாலும் பொருந்தவில்லை. தலையைத் தூக்கினேன். எதிரே, விளக்குகளுக்கு நடுவில், படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் முக்காலி. அவர்கள் உட்கார்ந்ததும், கேமராவுக்குப் பின்னாலிருந்து அப்பா சொல்வார். எல்லோரிடமும், ஒருவர் விடாமல்.

நுன் காம்ஜி மாசேயோ. கண்ணை மூடாதீங்க.

"அப்பா, இதுவா?" என்று சத்தமாகச் சொல்லிக் காட்டினேன்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வாய் மட்டும், "சரி சரி, சரி சரி, சரி சரி."

சொல் தெரிந்துவிட்டது, நானே இரண்டு கையாலும் அடித்திருக்கலாம். தோன்றவில்லை. பாஸ்வேர்டு கட்டத்தைத் திறந்தேன். என் நாற்காலியை அவர் வலது பக்கம் நெருக்கிப் போட்டு, வலது கையைக் கீபோர்டில் வைத்தேன். அவர் இடது கையை வைத்தார்.

முதல் தடவை அவர் ஓடிவிட்டார், நான் பின்தங்கினேன். தவறு. "மெதுவாப்பா, எனக்கு இது புதுசு." இரண்டாவது தடவை நான் முந்திக்கொண்டேன். தவறு. அவர் என்னைப் பார்த்து, ஒரு புருவத்தைத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். சிரித்து முடித்து, மறுபடி. அவர் ஒன்று, நான் ஒன்று. அவர் இரண்டு, நான் ஒன்று. கடைசியில் அந்தப் பெரிய கட்டையை அவருக்கு விட்டேன். இடது கையைக் குறுக்கே நீட்டி ஓங்கித் தட்டினார்.

கட்டம் மறைந்தது. முகங்கள் வரிசையாக வந்தன.

ஜூலை 27, வியாழன்

ஒக்ரான் சித்தியின் படம். பெரிதாக ஒன்று, கைப்பைக்குள் வைக்கிற மாதிரி ஒன்று. முடியின் ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அழிக்கத் தொடங்கினேன், பிறகு விட்டுவிட்டேன்.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். படத்திலிருந்த முடியின் மேல் விரலை ஓட்டினார்.

"இந்தப் பொம்பளைக்கு என்ன திமிரு, பாத்தியா?" என்றார் கடைசியில்.

எப்படித் திறந்தது என்று கேட்டார். சொன்னேன். முழுக்கச் சொன்னேன், சுவர், ஓசை, இடது கை, வலது கை, அந்தச் சொல் உட்பட. நான் பேசியதிலேயே நீளமானது இதுதான் என்று நினைக்கிறேன். சித்தி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "பந்தயத்துல நான் ஜெயிச்சேன், உனக்கு வாய் இருக்கு" என்றார்.

ஆகஸ்ட் 3

உலர்மீன் கடை மூடியிருக்கிறது. அப்பா நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். கையைக் காட்டித்தான்.

ஆகஸ்ட் 4

சித்தி கண் விழித்துவிட்டாராம். மயக்கம் தெளிந்ததும் முதலில் நர்ஸிடம் படத்தைக் காட்டினாராம். அவர் கணவர் போன் செய்தார். அப்பாவின் காதில் போனை வைத்தேன், அவரும் கேட்டார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

இடம் தர முடியாது என்று காபிக் கடைக்காரர்களிடம் அத்தை சொல்லிவிட்டாராம். என்னிடம் சொல்லவில்லை. பில்க்யூ அண்ணன்தான் சொன்னார். இன்றைக்கு அத்தை வந்தபோது கூரைக்காரரையும் கூட அழைத்து வந்தார், ஓட்டையைக் காட்டி அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

பூட்டுக்குள் இருந்த படங்களை அச்சிட்டுக் கொடுக்க மதியம் மட்டும் கடை திறக்கிறேன். அப்பா கண்ணாடிப் பக்கம் உட்காருகிறார். வருகிறவர்கள் அவரிடம் பேசிவிட்டு என்னிடம் வருகிறார்கள். சிலர் என்னிடம் நேராக வருகிறார்கள். அதுவும் பரவாயில்லை.

செப்டம்பர் 9, சனி

சித்தி வந்தார். இளைத்திருக்கிறார், குரல் மட்டும் இளைக்கவில்லை.

"உருளைக்கிழங்கையும் ஒண்ணு எடு" என்று முக்காலியில் உட்கார்ந்து குல்லாயைக் கழற்றினார். "அந்தத் திமிர் பிடிச்சவளுக்குப் பக்கத்துல இவளையும் வெச்சுப் பாக்கணும்."

அப்பா இருக்கும்போது நான் கேமராவைத் தொட்டதில்லை. எல்லாம் சரியாக வைத்துவிட்டேன். ஆனால் எடுக்கும் நேரத்தில் ஏதாவது சொல்ல வேண்டுமே, நான் லென்ஸை இன்னொரு தடவை துடைத்தேன். சித்தி காத்திருந்தார். நான் காத்திருந்தேன்.

"சரி சரி!" என்று அப்பா நாற்காலியிலிருந்து கத்தினார்.

சித்தி குலுங்கிச் சிரித்தார். அமுக்கினேன்.

நல்ல படம். அவரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் குல்லாயை மாட்டிக்கொண்டார்.

"இதை நான் சொல்ற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது. எம் புருஷன்கூட. அந்தப் பூட்டுக்குள்ளதானே போகும்?"

"ஆமா சித்தி."

"அது வந்து..." முதல் தடவையாக அவர் முகத்தில் வெட்கம். "அந்தப் பாஸ்வேர்டு கதையை நான் மார்க்கெட்ல சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"யார்கிட்டன்னா... மீன் வாங்க வந்தவங்ககிட்ட."

அதனால்தானா! காலையில் விலாங்குமீன் கடைக்காரர் என்னைப் பார்த்து, "கண்ணை மூடாதீங்க!" என்று கத்தினார். நான் ஏதோ தூசி பறக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன்.

அப்பா சிரித்துச் சிரித்து இருமினார். சித்தியே அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்.

பில்க்யூ அண்ணனிடம் போய் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தேன். ஒன்று கடையில், ஒன்று ஜின்ஜுவில் அத்தை வீட்டில். இரண்டும் பூட்டோடு. சித்தி போன பிறகு ஷட்டரை இறக்கினேன். புதுப் பாஸ்வேர்டு போடும் கட்டத்தைத் திறந்து, அப்பாவைக் கீபோர்டின் இடது பக்கமாக உட்கார வைத்தேன். என் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு ஓர் எழுத்தை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் என்னுடையதை அழுத்தினேன்.